அணுவின் எடை கண்ட ஆசிரியர்

இங்கிலாந்தின் வடபால் ஈகிள்ஸ்பீல்டு என்னும் சிற்றூரில், 1766-ஆம் ஆண்டில், எளிய நெசவாளர் ஒருவருக்கு மகனாய்த் தோன்றினார் ஜான் டால்ட்டன். பன்னிரண்டாம் வயதிலேயே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லத் தொடங்கினார். குவேக்கர் சமயத்தவராதலின் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பட்டங்கள் அவருக்கு எட்டாதனவாயின. 1793-இல் மான்செஸ்டர் நகரிற் குடியேறி, ஆசிரியத் தொழிலாலேயே வாழ்க்கை நடத்தினார்.

அணுவைப் பற்றிப் பண்டையோரும் எண்ணியதுண்டு; அதன் எடையை ஆராயத் துணிந்தவர் டால்ட்டன். ஒவ்வொரு தனிமத்திற்கும் தனக்கே உரிய எடையுள்ள அணு உண்டு. அவ்வணுக்கள் குறிப்பிட்ட எண்ணிக்கையில் இணைந்தே சேர்மங்கள் உண்டாகின்றன என்று 1808-இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். 12 பங்கு கரியோடு 16 பங்கு ஆக்ஸிஜன் கூடினால் உயிர்கொல்லும் நச்சுவாயு. 32 பங்கு கூடினால் நாம் மூச்சில் வெளிவிடும் கரியமிலவாயு. பின்னது முன்னதன் சரியான இருமடங்கு. அணு முழுமையாகவே சேரும். அரையாகச் சேராது என்பதற்கு இஃதன்றோ சான்று!

அவரும் பிழை செய்தார். நீரில் ஹைட்ரஜன் அணு ஒன்று, ஆக்ஸிஜன் அணு ஒன்று என்று கொண்டார். ஹைட்ரஜன் இரண்டு எனப் பின்வந்தோர் திருத்தினர். பிளவாதென்று அவர் கருதிய அணுவும் பிற்காலத்தில் பிளந்தது. ஆயினும் அவர் இட்ட கடைக்கால் நிலைத்து நிற்கிறது.

1787 முதல் நாள்தோறும் வானிலையைக் குறித்து வந்தார். 1844 ஜூலை 27-இல் மறைவதற்கு முந்திய இரவிலும் குறித்தார். பிழைக்கு அஞ்சாமல் அளந்து பார்க்கும் அப்பழக்கம் நம் இல்லத்துப் பிள்ளைகளுக்கும் வாய்ப்பதாக!