கேல்கர் மியூசியத்தின் 'ராஜா' யார்?

புனே பாஜிராவ் ரோட்டை ஒட்டிய சந்தில் ராஜா தினகர் கேல்கர் அருங்காட்சியகம் உள்ளது. ஊரிலிருந்து வரும் உறவினர்களைச் சனிவார் வாடாவுக்கு அழைத்துப் போகும் நம்மவர்களில் பலர், பெயரைக் கேட்டதும் இது யாரோ ஒரு மராட்டிய மன்னரின் மாளிகை என்று எண்ணிவிடுகிறார்கள். ராஜா என்பவர் மன்னர் அல்ல. சிறுவயதிலேயே இறந்துவிட்ட ஒரு பிள்ளை. அந்தப் பிள்ளையைப் பெற்றவர்தான் தினகர் கங்காதர் கேல்கர்.

1896-ல் பிறந்த கேல்கர் பெரும் பணக்காரர் அல்ல. மூக்குக்கண்ணாடி விற்கும் கடை வைத்திருந்தார். கவிதையில் நாட்டம் உண்டு. 'அஞ்ஞாதவாசி' என்ற புனைபெயரில் மராத்தியில் எழுதினார். 1920-ஆம் ஆண்டு வாக்கில் பழம்பொருள் சேர்க்கும் ஆசை அவரைப் பிடித்துக்கொண்டது. அது கடைசிவரை விடவில்லை.

அடுப்படிச் சாமான்கள்

பழம்பொருள் சேர்ப்பவர்கள் பொதுவாகப் பொன்னையும் சிலையையும் தேடுவார்கள். கேல்கர் தேடியவை வேறு. பாக்குவெட்டி, விளக்கு, வெற்றிலைப் பெட்டி, மைக்கூடு, சீப்பு, பூட்டு, காய் நறுக்கும் அரிவாள்மனை, குளிக்கும்போது பாதம் தேய்க்கும் 'வஜ்ரி' ஆகியவற்றைத் தேடினார். பாக்குவெட்டியில் ஒரு கிளி, வஜ்ரியின் மேல் ஒரு யானை என்று பெயர் தெரியாத கொல்லனும் கன்னானும் காட்டிய கைவேலை அவரை மயக்கியது. எல்லாம் பெண்கள் கையில் புழங்கித் தேய்ந்த சாமான்கள். அவற்றுக்கு விலை உண்டென்று அன்று யார் நினைத்தார்கள்?

காலமும் அவருக்கு எதிராக ஓடியது. பெரிய வீடுகள் இடிபட்டு வந்தன. இரும்புக் கட்டிலும் ஒட்டுப்பலகை மேஜையும் வந்தபின், சித்திரவேலை செய்த கதவும் தூணும் பெட்டகமும் விறகாகப் போகும் நிலை. பித்தளைச் சாமான்களை எடைக்குப் போட்டு உருக்கிவிடுவார்கள். உருக்கிய பிறகு திரும்பக் கிடைக்குமா? ஆகவே கேல்கர் ஊர் ஊராக அலைந்தார். மகாராஷ்டிரத்தோடு நில்லாமல் குஜராத், ராஜஸ்தான், தென்னாடு என்று அவர் கை நீண்டது. கடை வருமானம் இதிலேயே கரைந்தது. மனைவி கமலாபாய் துணை நின்றார். இப்படிப்பட்ட கணவருடன் குடும்பம் நடத்துவது லேசான காரியமல்ல என்பதைச் சொல்லத் தேவையில்லை.

மஸ்தானி மகால்

பேஷ்வா முதலாம் பாஜிராவ், தன் காதல் மனைவி மஸ்தானிக்காகக் கோத்ரூடில் 1734-ல் ஒரு மாளிகை கட்டியிருந்தார். அது சிதைந்து கிடந்தது. எஞ்சிய பகுதிகளைக் கேல்கர் கொண்டுவந்து, தம் அருங்காட்சியகத்துக்குள் ஓர் அறையாக மீண்டும் நிறுத்தினார். மரவேலையை ரசிப்பவர்கள் அந்த அறையை விட்டு எளிதில் நகரமாட்டார்கள். மதுரை மீனாட்சியின் மரச்சிற்பம் ஒன்றும் இங்கே உண்டு. நம்மவர்கள் கண்டால் கால் தானாக நிற்கும்.

சேர்த்ததை அவர் விற்றுக் காசாக்கவில்லை. அத்தனையையும் மகாராஷ்டிர அரசிடம் ஒப்படைத்தார். பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 1990-ல் காலமானார். பொருள்கள் 20,000-க்கு மேல். பார்வைக்கு வைக்க இடம் இருப்பதோ சுமார் 2,500-க்குத்தான். மீதி உள்ளே இருக்கிறது.

பெயர்ப்பலகையை மறுபடி ஒருமுறை படிக்க வேண்டும். மராட்டியர் வழக்கப்படி முதலில் சொந்தப் பெயர், அடுத்துத் தந்தை பெயர், கடைசியில் குடும்பப் பெயர். ஆபீஸ் வருகைப் பதிவேட்டில் தினமும் நாம் பார்ப்பதுதான். அப்படிப் படித்தால் ராஜா தினகர் கேல்கர் என்பது முழுக்க அந்தச் சிறுவனின் பெயர். எழுபது ஆண்டு அலைந்து சேர்த்தவர், அதில் அவனுடைய தகப்பனார் என்ற அளவில் நடுவே நிற்கிறார்.