ஏழு கிழமைக்கும் ஏழு பாட்டு: முத்துஸ்வாமி தீக்ஷிதர்

நம் ஆலயக் குடும்பங்களில் சங்கீதப் பிரியர்கள் நாலு பேர் சேர்ந்துவிட்டால், யாருக்கு எந்த வாக்கேயக்காரர் பிடிக்கும் என்ற பேச்சு தானாக வந்துவிடும். தியாகராஜர் என்பார் ஒருவர். ஸ்யாமா சாஸ்திரி என்பார் இன்னொருவர். கோபாலகிருஷ்ண பாரதியும் பாபநாசம் சிவனும் தமிழில் பாடியதே நமக்குப் போதும் என்பார் மற்றொருவர். முத்துஸ்வாமி தீக்ஷிதரின் பெயர் வந்தால் மட்டும், மகான்தான், ஆனால் கொஞ்சம் கனமான சங்கீதம் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு நகர்ந்து விடுகிறோம். அவருடைய வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால் அவ்வளவு எளிதில் நகர மனம் வராது. நம்மைப் போலவே ஊர்விட்டு ஊர் போய், போன இடத்தில் காதில் விழுந்ததையெல்லாம் தம்முடையதாக்கிக் கொண்டவர் அவர்.

தீக்ஷிதர் 1775-ஆம் ஆண்டு திருவாரூரில் அவதரித்தார். மும்மூர்த்திகளில் மற்ற இருவர் பிறந்ததும் அதே ஊர்தான். தந்தை ராமஸ்வாமி தீக்ஷிதர் பெரிய வித்வான்; ஹம்ஸத்வனி ராகத்தை நமக்குத் தந்தவர். நெடுநாள் பிள்ளையின்றி வைத்தீஸ்வரன் கோயிலில் வேண்டிப் பெற்ற குழந்தையானதால், அங்குள்ள முத்துக்குமாரஸ்வாமியின் பெயரையே வைத்தார்கள். திருவாரூர் ஆலயத்தில் எந்த வேளை பூஜைக்கு நாகஸ்வரத்தில் எந்த ராகம் என்ற முறையை வகுத்துக் கொடுத்ததும் ராமஸ்வாமி தீக்ஷிதரே என்பர். ஆக, அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு ராகமே கடிகாரம்.

பிறகு அக்குடும்பம் சென்னைக்கு வடக்கே உள்ள மணலிக்குக் குடிபெயர்ந்தது. அவர்களை ஆதரித்த மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் குடும்பத்துக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியாரிடம் செல்வாக்கு இருந்தது. அதனால் செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் வெள்ளைக்காரர்களின் பாண்டு வாத்தியத்தைக் கேட்கும் வாய்ப்பு தீக்ஷிதர் சகோதரர்களுக்குக் கிடைத்தது. தம்பி பாலுஸ்வாமி ஓர் ஐரோப்பியரிடம் பிடில் கற்றுக்கொண்டார். இன்று பிடில் இல்லாத கச்சேரியை நம்மால் நினைத்துப் பார்க்க முடியுமா? அண்ணனோ அந்த அந்நிய மெட்டுகளுக்கு நம் தெய்வங்களைப் பற்றிய ஸம்ஸ்கிருத சாஹித்யம் செய்தார். நோட்டுஸ்வர சாஹித்யங்கள் எனப்படும் அவை சுமார் 40 உள்ளன. இங்கிலாந்து ராஜாவை வாழ்த்தும் தேசிய கீதத்தின் மெட்டும் அவற்றில் ஒன்று.

அதே காலத்தில் மணலிக்கு வந்த சிதம்பரநாத யோகி என்ற துறவி, இளைஞரான முத்துஸ்வாமியைத் தம்முடன் காசிக்கு அழைத்துச் சென்றார். அங்கே ஸ்ரீவித்யா உபாசனையும் வேதாந்தமும் கற்றார். ஹிந்துஸ்தானி சங்கீதத்தையும் வருஷக்கணக்கில் கேட்டார். அவருடைய கிருதிகளின் நிதானத்தில் வடக்கத்திய த்ருபத் பாணியின் சாயல் உண்டு என்று வித்வான்கள் சொல்வதற்குக் காரணம் இதுதான். த்விஜாவந்தி, பிருந்தாவன ஸாரங்கா போன்ற ராகங்களில் அவர் பாடியவற்றில் அந்தக் காசி வாசனை இன்றும் வீசுகிறது.

தெற்கே திரும்பியவர், திருத்தணி முருகன் சன்னதியில் ஒரு முதியவர் வாயில் கற்கண்டு இட, மாயாமாளவகௌளையில் தம் முதல் கிருதியைப் பாடினார் என்பது ஐதிகம். அன்று முதல் அவருடைய முத்திரை குருகுஹ என்பதாயிற்று. காஞ்சி, சிதம்பரம், மதுரை என்று க்ஷேத்திரம் க்ஷேத்திரமாகச் சென்றார். சென்ற இடத்து மூர்த்தி, தலபுராணம் எல்லாவற்றையும் பாட்டிலேயே பதிந்து வைத்தார். திருவாரூரில் கமலாம்பிகை மீது செய்த நவாவரண கிருதிகளை நவராத்திரியில் நம் வீடுகளிலும் கேட்கிறோம்.

திருவாரூரில் தம்பியப்பன் என்ற சிஷ்யர் வயிற்றுவலியால் துன்புற்றதாகவும், அவர் ஜாதகத்தில் குரு சரியில்லை என்றறிந்த தீக்ஷிதர் அடாணாவில் பிருஹஸ்பதி மீது கிருதி இயற்றிப் பாடச் சொன்னதாகவும், வலி தீர்ந்ததாகவும் கர்ணபரம்பரையாகச் சொல்லுவார்கள். ஞாயிறு தொடங்கி சனி வரை ஏழு கிழமைக்கும் ஏழு கிருதிகள் செய்துள்ளார். ஞாயிறுக்கு ஸௌராஷ்டிரம், திங்களுக்கு அஸாவேரி, செவ்வாய்க்கு ஸுரட்டி, புதனுக்கு நாட்டைக்குறிஞ்சி, வியாழனுக்கு அடாணா, வெள்ளிக்கு பரஸ், சனிக்கு யதுகுலகாம்போதி. தாளமும் ஏழு, ஸூளாதி தாளங்களில் கிழமைக்கு ஒன்று. மிருதங்கம் பயிலும் நம் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பாடம் ஏது?

கடைசியில், தம்பி பாலுஸ்வாமி சமஸ்தான வித்வானாக இருந்த எட்டயபுரத்துக்குச் சென்றார். 1835-ஆம் ஆண்டு தீபாவளி நன்னாளில், சிஷ்யர்கள் மதுரை மீனாக்ஷி மீதான கிருதியைப் பாடிக்கொண்டிருக்கையில் அங்கேயே ஸித்தி அடைந்தார் என்பர். அவருடைய ஸமாதி எட்டயபுரத்தில் உள்ளது.

அவர் போன பிறகு, பாட்டுகளும் போயிருக்கலாம். பாலுஸ்வாமியின் மகள் வயிற்றுப் பேரனும் ஸ்வீகார புத்திரருமான ஸுப்பராம தீக்ஷிதர் பிறந்தது 1839-இல். பெரிய தீக்ஷிதரை அவர் பார்த்ததே இல்லை. வீட்டில் கேட்டுக் கேட்டுப் பாடம் செய்ததை, சின்னசாமி முதலியார் என்ற கிறிஸ்தவ அன்பரின் தூண்டுதலாலும் எட்டயபுரம் ராஜாவின் உதவியாலும், 1904-இல் ஸங்கீத ஸம்ப்ரதாய ப்ரதர்சினி என்ற பெருநூலாக அச்சிட்டார். தீக்ஷிதரின் 200-க்கும் மேற்பட்ட கிருதிகள் அதில் ஸ்வரக்குறிப்புடன் உள்ளன. ஸுப்பராமரின் புதல்வர் அம்பி தீக்ஷிதரிடம் கற்ற டி.கே. பட்டம்மாள் அவற்றை மேடையில் பாடிப் பரப்பினார்.

ஒரு குடும்பம் வீட்டில் விடாமல் கேட்டதால், பாடியதால் பிழைத்த சங்கீதம் இது என்பதை நாம் மறக்கலாகாது. பிரிட்ஜ்வாட்டரில் நம் வீடுகளிலும் ஒரு குழந்தை பள்ளிக்கூட பாண்டில் கிளாரினெட் வாசிக்கிறது. அதே குழந்தை சனிக்கிழமை பாட்டு வகுப்புக்கும் போகிறது. இரண்டும் மோதுமே என்று கவலைப்படும் பெற்றோர்களுக்கு மணலி வீடே பதில். ஆனால் அங்கே கோட்டை பாண்டு கேட்ட காதுகள் திருவாரூர் நாகஸ்வரத்தையும் நிறையக் கேட்டிருந்தன. அந்தப் பங்கு வீட்டின் பொறுப்பு.

ஆபீஸ் போகும்போது 287-ஆம் நெடுஞ்சாலையில் காரில் என்ன கேட்கிறோம்? பாதிப் பாட்டில் அடுத்ததற்குத் தாவும் பழக்கம் இப்போது எல்லோருக்கும் வந்துவிட்டது. தீக்ஷிதரை அப்படிக் கேட்க முடியாது. யானை நடை அது. தினம் ஒன்று, அன்றைய கிழமைக்கு உரியதை, முழுவதுமாகக் கேட்டால் போதும். ஒரு மாதத்தில் ஒவ்வொரு பாட்டும் நான்கு முறை காதில் விழுந்திருக்கும். பிறகு ஆலயத்தில் நவக்கிரகங்களைச் சுற்றும்போது பின் ஸீட்டுக் குழந்தையே ராகத்தை முணுமுணுக்கும். வருகிற தீபாவளியன்று கங்கா ஸ்நானம் ஆனதும், பட்சணத் தட்டுக்கு முன்னால், பூஜை அறையில் அவருடைய கிருதி ஒன்று ஒலிக்கட்டும். அது அவருடைய நாளும்கூட.