வெப்பத்தை அளக்க வழிகாட்டிய அறிஞர் சீபெக்

நாம் வாழும் அம்பாங், ஈயத்தால் பெயர் பெற்ற ஊராகும். 1857ஆம் ஆண்டு முதல் இங்கு ஈயச் சுரங்கங்கள் தோண்டப்பட்டன. ஈயம் 232 பாகை செல்சியஸ் வெப்பத்திலேயே உருகிவிடும். ஆனால், ஈய மணலிலிருந்து ஈயத்தைப் பிரித்தெடுக்கும் உலையின் வெப்பமோ 1,000 பாகைக்கும் மேற்பட்டது. காய்ச்சல் பார்க்கும் கண்ணாடி வெப்பமானியால் அதனை அளக்க இயலுமா? இயலாது. பாதரசம் 357 பாகையில் கொதித்து ஆவியாகிவிடும், கண்ணாடியும் இளகிவிடும். இத்தகைய கடும் வெப்பத்தை அளக்க வழிகாட்டியவர் தாமஸ் யோகான் சீபெக் என்னும் அறிஞர் ஆவார்.

இவர் 1770ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள், இன்று எஸ்டோனியா நாட்டின் தலைநகராக விளங்கும் தால்லின் நகரில், செல்வம் மிக்க ஜெர்மானிய வணிகர் குடும்பத்தில் பிறந்தார். ஜெர்மனியில் மருத்துவம் கற்று, 1802இல் பட்டம் பெற்றார். எனினும், மருத்துவத் தொழிலைவிட இயற்கையின் இயல்புகளை ஆராய்வதிலேயே அவர் உள்ளம் ஈடுபட்டது. யேனா நகரில் பெருங்கவிஞர் கெதேயின் நட்பைப் பெற்று, ஒளியையும் நிறங்களையும் ஆராய்ந்தார்.

1821ஆம் ஆண்டில் பெர்லின் நகரில் அவர் ஓர் அரிய உண்மையைக் கண்டார். இருவேறு உலோகங்களின் முனைகளை இணைத்து ஒரு வளையமாக்கி, ஓர் இணைப்பை மட்டும் சூடேற்றினார். அருகிலிருந்த காந்த ஊசி அசைந்தது! பல்வேறு உலோகங்களைக் கொண்டு சலிக்காமல் சோதனை செய்து, அவற்றை வரிசைப்படுத்தி எழுதி வைத்தார்.

வெப்பமே காந்தத்தை உண்டாக்குவதாகச் சீபெக் கருதினார். அக்கருத்து பிழையானது. வளையத்தில் மின்சாரம் ஓடுவதே ஊசி அசையக் காரணம் என்று எர்ஸ்டெட் என்னும் அறிஞர் விளக்கினார். சீபெக் அதனை ஏற்கவில்லை. ஆயினும், அவர் கண்டதைக் கண்டவாறே பதிவு செய்திருந்தமையால், அவரது உழைப்பு வீண்போகவில்லை. 1831ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் அவர் பெர்லினில் காலமானார்.

1880களில் பிரான்சு நாட்டு அறிஞர் லெ சாட்டலியே, பிளாட்டினக் கம்பியையும் பிளாட்டினமும் ரோடியமும் கலந்த கம்பியையும் இணைத்து, உலைகளின் வெப்பத்தைத் திருத்தமாக அளக்கும் கருவியை உருவாக்கினார். இதுவே வெப்ப மின்னிரட்டை எனப்படும். நிக்கல் கலவைக் கம்பிகளாலான மற்றொரு வகையில், ஒரு பாகை வெப்பத்திற்குக் கிடைக்கும் மின் அழுத்தம், ஒரு வோல்ட்டை இலட்சம் கூறாக்கினால் அவற்றுள் நான்கு கூறு அளவே ஆகும். அச்சிறு அளவையும் உணர்ந்து, வெப்பத்தை எண்களாகக் காட்டும் வெப்பமானிகள் இன்று உள்ளன.

முற்காலத்தில் தொழிலாளர்கள் உலையருகே அனலில் நின்று, நெருப்பின் நிறத்தைப் பார்த்தே வெப்பத்தை மதிப்பிட்டனர். கணிப்புத் தவறினால் பொருள் பாழாகும். கொதிகலன் அளவு மீறிச் சூடேறினால் உயிருக்கும் கேடு நேரும். இன்றோ, உலையினுள் செருகிய இரு கம்பிகள் செய்தி சொல்ல, தொழிலாளர் தொலைவில் நின்றே வெப்பத்தை அறிகின்றனர்.

மாணவர்களே! ஆலையிலும் தோட்டத்திலும் உழைக்கும் நம் பெற்றோரின் பாதுகாப்புக்குத் துணைபுரியும் இக்கருவிக்கு வித்திட்ட சீபெக்கை நன்றியுடன் நினைவு கூர்வோம். அவரைப் போன்று, கண்டதைக் கண்டவாறு எழுதிப் பழகுவோமாக!