கிதார்ச் சிற்பி லியோ ஃபெண்டர்

எமதூராகிய உத்தரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவர்களிலே முதற் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைச் சாசனங்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அவை கி. பி. 919, 921-ஆம் ஆண்டுகளுக்குரியன என்று அறிஞர் துணிந்தது எதனால்? கல்லில் வெட்டிய அரசன் பெயரும் ஆட்சியாண்டுமே அதற்குச் சான்றாயின. பழம்பொருள் தன் காலத்தைத் தன் மெய்யிலேயே தாங்கி நிற்கும். காணும் கண்ணே நமக்கு வேண்டுவது. இவ்வுண்மை சென்ற நூற்றாண்டில் தோன்றிய மின்சாரக் கிதாருக்கும் பொருந்தும். பழைய மின்சாரக் கிதார்களைப் பெரும்பொருள் ஈந்து வாங்குவோர் உலகிற் பலர். அவர்கள் மிக விரும்பித் தேடுவனவற்றுள் லியோ ஃபெண்டர் என்பாருடைய தொழிற்சாலையிற் பிறந்தவை தலையாயவை. அவர் வரலாற்றை அறியின், அக்கருவிகளை ஆய்ந்து கொள்ளும் நெறியும் உடன் விளங்கும்.

ஃபெண்டர் 1909-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 10-ஆம் நாள், அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியாவில், ஆரஞ்சுத் தோட்டம் வைத்து வாழ்ந்த குடும்பத்திற் பிறந்தார். சிறு பருவத்திலேயே நோயினால் ஒரு கண்ணை இழந்தார். கல்லூரியிற் கணக்கியல் பயின்று கணக்கராய் அமர்ந்தாரேனும், அவருள்ளம் வானொலிப் பெட்டிகளைப் பிரித்துச் செப்பனிடுவதிலேயே தோய்ந்திருந்தது. பொருளாதார மந்த நாட்களில் வேலையிழந்த அவர், 1938-ஆம் ஆண்டு 600 டாலர் கடன் பெற்றுப் புல்லர்டன் என்னும் ஊரில் வானொலி பழுது பார்க்கும் கடையொன்று திறந்தார்.

அக்கடைக்கு இசைவாணர் பலர் தம் ஒலிபெருக்கிகளைக் கொணர்ந்தனர். அவர்தம் குறைகளை ஃபெண்டர் பொறுமையுடன் செவிமடுத்தார். உள்ளே வெற்றிடமுள்ள கிதாரில் மின்கருவி பொருத்தி ஒலியை மிகுத்தால், அவ்வொலியே மீண்டும் பெட்டியை அதிர்வித்து ஊளையிடும். இக்குறை நீங்கத் திண்ணிய மரப்பலகையால் உடல் அமைத்தார். கழுத்தைப் பசையால் ஒட்டாது திருகாணிகளாற் பிணித்தார். பழுதுற்றாற் கழற்றி மாற்றுதல் எளிதன்றோ? 1950-ஆம் ஆண்டு இத்தகைய கிதார் ஒன்றுக்குப் பிராட்காஸ்டர் என்று பெயரிட்டார். அதனையொத்த பெயரைத் தன் முரசுகளுக்கு வழங்கி வந்த கிரெட்ச் நிறுவனம் தடை கூறவே, அவர் வழக்காடாது அப்பெயரைக் கைவிட்டார். முன்னரே அச்சிட்ட பெயர்ச்சீட்டுகளை வீணாக்காது, அச்சொல்லை மட்டும் கத்தரித்துவிட்டு ஒட்டினர். 1951-ஆம் ஆண்டிற் சில திங்கள் அவ்வாறு பெயரின்றிச் சென்ற கிதார்கள் இன்று கிடைத்தற்கரியனவாய் மதிக்கப்படுகின்றன. பின்னர் டெலிகாஸ்டர் என்னும் பெயர் நிலைத்தது. 1954-ஆம் ஆண்டில் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வெளிவந்தது. இத்துணைக் கருவிகளை ஆக்கிய ஃபெண்டர் கிதார் வாசிக்கக் கற்றவரல்லர் என்பது வியப்பிற்குரியது.

பின்னாளில் அவரைத் தீராப் பிணி வருத்தியது. தம் வாழ்நாள் குறுகிற்றென்று எண்ணிய அவர், 1965-ஆம் ஆண்டு தம் தொழிலை 1 கோடியே 30 லட்சம் டாலருக்குச் சி.பி.எஸ். நிறுவனத்திற்கு விற்றார். பின்பு வேறொரு மருத்துவர் அப்பிணியைத் தீர்த்தார். உடல் நலம் மீண்டது. விற்ற பெயரோ மீளவில்லை. புதிய உரிமையாளர் காலத்தில் வேலைப்பாடு தளர்ந்ததென்று இசைவாணர் பலர் கருதினர். ஆதலின் அவ்விற்பனைக்கு முற்பட்ட கிதார்களின் விலை உயர்ந்தது. விலை உயரவே போலியும் பெருகிற்று.

வாங்குவோர் முதலிற் காண்பது தலைப்பகுதியிலுள்ள பெயர். ஆனால் பெயர்ச்சீட்டை எவரும் ஒட்டலாம். உலோகத் தகட்டிலுள்ள வரிசையெண்ணும் முற்றும் துணையாகாது. தகடுகள் எண் வரிசைப்படி எடுத்துப் பொருத்தப்பட்டனவல்ல. கழுத்தைக் கழற்றினால் அதன் அடிமுனையிற் பென்சிலால் எழுதிய நாள் பெரும்பாலும் காணப்படும். குமிழ்களின் கீழுள்ள மின்உறுப்புகளில் அவை செய்யப்பட்ட ஆண்டும் வாரமும் எண்களாற் குறிக்கப்பட்டிருக்கும். திருகாணியாற் பிணித்த கழுத்தை மாற்றுதல் எளிதாகலின், ஒரு சான்றையே நம்புதல் தகாது. நாள், எண், மரம், வண்ணம், பற்றுவைத்த கம்பி ஆகிய யாவும் ஒரே காலத்தைச் சுட்டினாலன்றிப் பொருளை எண்ணிக் கொடுத்தல் பேதைமையாம்.

ஃபெண்டரோ பழமையைப் போற்றி ஓய்ந்திருந்தாரல்லர். எழுபதாம் அகவையை அடுத்து ஜி அண்டு எல் என்னும் புதிய நிறுவனத்தை நண்பருடன் கூடித் தொடங்கினார். தம் முன்னைக் கருவிகளினும் பின்னைக் கருவிகளே சிறந்தனவென்று கருதினார். நடுக்கு நோயுற்றும் தொழிற்கூடம் செல்வதை விடாத அவர், 1991-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 21-ஆம் நாள் இயற்கை எய்தினார்.

அவர் பெயர் பொறித்த பலகைக்காக உலகம் இலக்கக்கணக்கில் பொருள் சொரிகின்றது. தம் பெயரையே விற்றுவிட்ட அவரோ எஞ்சிய கைத்திறனை நம்பி மீண்டும் தொடங்கினார். எவர் கண்ணுக்கும் படாத கழுத்தின் அடியிலே அத்தொழிலாளர் மறவாது நாளெழுதி வைத்தனர். மாணவ அன்பர்காள்! நம் பணியிலும் மறைவிடத்தைத் திறந்து நோக்குவார் ஒருநாள் வருவர். அன்று நாணாதிருக்கும் வண்ணம் இன்று செய்வோமாக.