லாரிக்கு ஆயுள் அளித்தவர்

லாரிகள் லட்சக்கணக்கான மைல்கள் ஓடுவதையும், தேய்ந்த எஞ்சின் புத்துயிர் பெற்று மீண்டும் பாதையேறுவதையும் இன்று எவரும் அதிசயமாகக் கருதுவதில்லை. டீஸல் எஞ்சின் லாரிக்கு உதவாது என்று பலர் ஒதுக்கிய நாளில், அதற்காகத் தம் வாழ்நாளைச் செலவிட்ட அமெரிக்கர் கிளெஸி கம்மின்ஸ்.

1888-ம் வருஷம் இந்தியானா ராஜ்யத்தில் பிறந்த இவர், எட்டாம் வகுப்புக்கு மேல் படித்தவரல்லர். கொலம்பஸ் நகரில் இர்வின் என்ற பாங்கரிடம் கார் ஓட்டும் உத்தியோகம் பார்த்தார். தம் சாரதியை நம்பி 1919-ல் மூலதனம் இட்ட அந்தப் பாங்கரின் துணிவையும் நாம் மெச்சவேண்டும். கம்பெனி முதல் லாபத்தைக் கண்டது 1937-ல்தான்!

அக்காலத்து டீஸல் எஞ்சின் பெரும்பாலும் கப்பலிலும் ஆலையிலும் கிடந்த பெரும் பாரம். காற்றை அழுத்தி எழுப்பும் வெப்பத்தாலேயே எண்ணெயை எரிக்கும் யந்திரமாதலால், அதன் அங்கங்கள் உறுதியாக இருந்தே தீரவேண்டும். அந்த உறுதியே அதன் தீர்க்காயுளுக்கும் காரணம். கம்மின்ஸ் வாதம் செய்து காலம் கழிக்கவில்லை, ஓட்டிக் காட்டினார். 1930-ல் பாக்கார்டு காரில் டீஸல் எஞ்சினைப் பொருத்தி, இந்தியானாபோலிஸிலிருந்து நியூயார்க்குக்கு 1 டாலர் 38 செண்ட் எண்ணெய்ச் செலவில் போய்ச் சேர்ந்தார். 1931-ல் இவரது எஞ்சின் பூட்டிய லாரி, இந்தியானாபோலிஸ் பந்தயப் பாதையில் நிற்காமலே 13,000 மைலுக்கு மேல் ஓடிற்று.

அவ்வருஷமே கலிபோர்னியாவில் ஒரு கணவாயில் இறங்குகையில், பிரேக்குகள் சூடேறிப் பயனற்றுப் போக, ரயில் பாதையருகே மயிரிழையில் உயிர் தப்பினார். இழுக்கும் எஞ்சினையே தடுக்கவும் ஏவலாகாதா என்ற எண்ணம் அவரை விடவில்லை. அழுத்திய காற்றை வால்வு திறந்து வெளியேற்றி வேகத்தைத் தணிக்கும் அவரது எஞ்சின் பிரேக், 1961-ல் விற்பனைக்கு வந்தது.

கனத்த லாரி எஞ்சின்கள் பலவற்றில் பிஸ்டன் உராய்வது லைனர் என்னும் தனி உருளைக்குள். லைனர், பிஸ்டன், ரிங், பேரிங் ஆகியவற்றை மாற்றினால், வண்டியிலிருந்து இறக்காமலேயே எஞ்சினைப் புதுப்பிக்கலாம். இம்முறை கம்மின்ஸ் ஒருவரின் சிருஷ்டியன்று. ஆனால் கிராங்க் ஷாப்ட் பழுதின்றி இருக்கவேண்டும்; எண்ணெய் மாற்றாத சிக்கனம் முதலில் பேரிங்கையும் பிறகு அதையும் விழுங்கிவிடும். நம் லாரி முதலாளிகள் சிலர் இச்சிக்கனத்தில் மகா சமர்த்தர்கள்!

1962-ல் புனாவில் கிர்லோஸ்கர் குழுமத்தாரின் கூட்டுறவுடன் அவர் பெயர் தாங்கிய எஞ்சின் கம்பெனி ஸ்தாபிக்கப்பட்டது. அதற்கு ஆறு வருஷங்களுக்குப் பின், 1968-ல், கம்மின்ஸ் காலமானார்.