காது கேட்காத இதய மருத்துவர்

இதய மருத்துவர் என்றாலே கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் தொங்கும் உருவம்தான் ஞாபகத்துக்கு வரும். சாதாரண ஸ்டெதாஸ்கோப்பில் துடிப்பைக் கேட்க முடியாத ஒரு பெண்மணிதான் குழந்தைகள் இதய மருத்துவத்துக்கே தாயாக விளங்கினார் என்றால் நம்புவீங்களா? அவர்தான் டாக்டர் ஹெலன் டாசிக்.

1898 மே 24 அன்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கேம்பிரிட்ஜ் நகரில் பிறந்தார். அப்பா ஹார்வர்டில் பொருளாதாரப் பேராசிரியர். 11 வயதில் அம்மாவைக் காசநோய்க்குப் பறிகொடுத்தார். போதாக்குறைக்கு டிஸ்லெக்சியா, படிப்பதே பெரும்பாடு. அப்பா பாடம் நடத்திய ஹார்வர்டிலோ அப்போது பெண்களுக்கு மருத்துவப் பட்டம் கிடையாது. பால்டிமோருக்குப் போய் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் சேர்ந்து 1927ல் எம்.டி. முடித்தார்.

1930ல் அங்கேயே ஹாரியட் லேன் குழந்தைகள் பிரிவின் இதய கிளினிக் அவர் பொறுப்பில் வந்தது. பிறவியிலேயே இதயக் கோளாறுள்ள குழந்தைகளைக் கவனிக்கும்படி துறைத்தலைவர் எட்வர்ட்ஸ் பார்க் பணித்தார். அந்தக் காலத்துல அவங்களுக்கு வைத்தியமே இல்லை. அதே சமயம் டாசிக்கின் கேட்கும் சக்தியும் குறையத் தொடங்கியது. அவர் சோர்ந்து உட்காரவில்லை. குழந்தையின் மார்பில் கை வைத்துத் துடிப்பையும் அதிர்வையும் உணரப் பழகினார். மற்றதைக் கண் பார்த்துக்கொண்டது.

கண்ணுக்குத் துணை ஃப்ளூரோஸ்கோப். இருட்டறையில் எக்ஸ்ரே திரைக்குப் பின்னால் குழந்தையை நேராக, இடப்பக்கம், வலப்பக்கம் என்று திருப்பித் திருப்பி, துடிக்கும் இதயத்தின் நிழலைப் பார்ப்பார். உடம்பு நீலம் பாரித்த இரண்டு குழந்தைகள். வெளியே பார்த்தால் ஒரே நோய் மாதிரிதான் இருக்கும். திரையில் கதை வேறு. ஒன்றின் இதயம் நுனி தூக்கிய பூட்ஸ் போல இருக்கும். நுரையீரல் தமனியின் புடைப்பு இருக்க வேண்டிய இடம் குழிந்திருக்கும். நுரையீரலில் ரத்தக்குழாய் நிழல்கள் மெலிந்திருக்கும். இது ஃபாலோ நாற்கோளாறு. இன்னொன்றில் நுரையீரல் முழுக்க ரத்தக்குழாய்கள் பருத்துத் தெரியும். அங்கே பெருந்தமனியும் நுரையீரல் தமனியும் இடம் மாறியிருக்கலாம். நுரையீரலுக்கு ரத்தம் குறைவாகப் போகுதா, கூடுதலாகப் போகுதா என்ற அந்தக் கேள்விதான் அவருடைய சாவி.

கருவில் இரு தமனிகளையும் இணைக்கும் டக்டஸ் என்ற சிறு குழாய், பிறந்த பிறகு மூடிக்கொள்ளும். அது மூடியதும் நாற்கோளாறுக் குழந்தைகள் மோசமாவதைக் கவனித்தார். அப்படியானால் செயற்கையாக ஒரு டக்டஸ் அமைத்தால் என்ன? பாஸ்டனில் டக்டஸை மூடிப் புகழ்பெற்றிருந்த ராபர்ட் கிராஸிடம் கேட்டார். அவர் அக்கறை காட்டவில்லை. 1941ல் ஹாப்கின்ஸுக்கு வந்த அறுவை நிபுணர் ஆல்ஃப்ரெட் பிளேலாக் முன்வந்தார். அவருடைய ஆய்வுக்கூட உதவியாளர் விவியன் தாமஸ் நாய்களிடம் முறையைச் செய்து தேர்ந்தார்.

1944 நவம்பர் 29 அன்று 15 மாதக் குழந்தை ஐலீன் சாக்சனுக்கு முதல் அறுவை நடந்தது. கைக்குப் போகும் தமனியை நுரையீரல் தமனியோடு இணைத்தார்கள். குழந்தை தேறியது, ஆனால் சில மாதங்களில் நோய் திரும்பி, இரண்டு வயது நிறையுமுன் இறந்துபோனது. அதற்காக நிறுத்திவிடவில்லை. மூன்றாவதாக ஆறு வயதுச் சிறுவன். மேஜையில் இருக்கும்போதே அவன் உதடு நீலம் மாறிச் சிவந்தது. 1945ல் கட்டுரை வெளிவந்ததும் பல ஊர்களிலிருந்து பெற்றோர் பால்டிமோருக்குத் திரண்டார்கள். கறுப்பினத்தவரான தாமஸின் பெயர் மட்டும் அந்தக் கட்டுரையில் இல்லை. 1976ல்தான் ஹாப்கின்ஸ் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் தந்தது.

தாம் கண்டதையெல்லாம் டாசிக் 1947ல் நூலாக்கினார். முழுப் பேராசிரியர் பதவி 1959 வரை காத்திருக்க வைத்தது. 1962ல் ஜெர்மனி சென்று, தாலிடோமைடு மாத்திரையால் கைகால் குறையோடு பிறந்த குழந்தைகளைப் பார்த்துவந்து தம் நாட்டை எச்சரித்தார். 1965ல் அமெரிக்க இதயச் சங்கத்தின் முதல் பெண் தலைவரானார். ஓய்வு பெற்ற பின்னும் பறவைகளின் இதயத்தை ஆராய்ந்துகொண்டிருந்தவர், 1986 மே 20 அன்று கார் விபத்தில் மறைந்தார். 88 வயது நிறைய நான்கே நாள் பாக்கி.

மாணவச் செல்வங்களே, இன்று உங்களுக்கு எக்கோ, சி.டி., எம்.ஆர்.ஐ. எல்லாம் இருக்கு. அவை படம் காட்டும். ரத்தம் எங்கே போகிறது என்ற கேள்வியை நாமதான் கேட்கணும். குழந்தையின் மார்பில் ஒரு நிமிடம் கை வைத்துவிட்டு அப்புறம் திரையைப் பாருங்கள்.