அன்செல்ம் பாயேன்

பூலாம்பாடியைச் சூழ்ந்த பெரம்பலூர்ச் சீமையிலே மக்காச்சோளமும் பருத்தியும் மிகுதியாய் விளைகின்றன. மணியையும் பஞ்சையும் கொண்டபின் தட்டையையும் பருத்திமாரையும் நாம் பொருட்படுத்துவதில்லை. அவற்றினுள் உறையும் அரும்பொருளை உலகுக்குக் காட்டிய பெரியார் ஒருவரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

அன்செல்ம் பாயேன் 1795-ஆம் ஆண்டில் பாரிஸ் மாநகரிற் பிறந்தார். இரசாயனத் தொழிற்சாலைகளை நடத்திய தந்தையே அவருக்கு முதலாசிரியர். இளமையிலேயே வெண்காரத் தொழிற்சாலையின் பொறுப்பேற்று, ஒல்லாந்தர் ஏகபோகமாய் விற்றுவந்த அச்சரக்கை மூன்றிலொரு விலைக்குத் தந்தார். 1833-இல் பெர்ஸோ என்பாருடன் கூடி, மாவுப்பொருளைச் சர்க்கரையாக்கும் டயஸ்டேஸைப் பிரித்தெடுத்தார். பின்னர்ப் பலவகை மரஞ்செடிகளை அமிலத்தால் தூய்மை செய்தபோது, எதனை எடுப்பினும் ஒரே பொருள் எஞ்சுவதைக் கண்டார். 1838-இல் அவர் அறிவித்த அப்பொருளே செல்லுலோஸ். மூலகங்களின் அளவில் அது மாவுப்பொருளை ஒத்ததென்றும் தெளிவித்தார். உண்ணும் மாவும் உளியை எதிர்க்கும் மரமும் உறவுடையன என்பது வியப்பன்றோ! 1871-இல் அவர் மறைந்தார்.

அவ்வுறவே இன்று பிளாஸ்டிக்குக்கு மாற்றாக நிற்கிறது. தூய செல்லுலோஸைக் கந்தகாமிலத்தாற் சிதைத்தால், மயிரிழையினும் ஆயிரக்கணக்கான மடங்கு நுண்ணிய படிகங்கள் கிடைக்கின்றன. இவை நானோ செல்லுலோஸ் எனப்படும். காய்ச்சிய சோளமாவுக் கூழில் கிளிசரினோடு இவற்றைக் கலந்து, மென்றகடாக வார்த்து உலர்த்துகின்றனர். படிகங்கள் தாங்குதலால் தகடு வலுப்பெறுகிறது. எறிந்தபின் மண்ணிலே மக்குகிறது. படிகங்கள் திரளாதவாறு பரப்புவதும், தகடு நீரில் ஊறாதவாறு காப்பதும் இன்னும் அரியனவே. அவ்விடர் தீர்ப்போர் நம் மாணாக்கருள்ளும் தோன்றுக. தட்டைக்குத் தீயிடுமுன் பாயேனை ஒருகணம் நினைப்போமாக.